மோதிரத்துக்குப் பதிலாக ஒரு ஜிபிஎஸ்

மாப்பிள்ளைக்கு மோதிரம் வேண்டாமாம். மகள் போனில் சொன்னாள். கல்யாணத்துக்குப் போட்ட மோதிரத்தையே கழற்றி பீரோவில் வைத்துவிட்டாராம், விரலில் எது இருந்தாலும் அவருக்கு அரிக்கிறதாம். சங்கிலியும் வேண்டாம், கைக்கடிகாரமும் வேண்டாம். தலை தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளைக்கு இவற்றில் எதையும் போடக் கூடாது என்றால், கள்ளக்குறிச்சியில் ஒரு மாமனார் என்னதான் செய்வான்?

மாப்பிள்ளை ஹூப்ளிக்காரர். பெங்களூரில் மகளோடு ஒரே ஆபீசில் வேலை. அவளே பார்த்துக்கொண்டாள், நாங்களும் நல்ல பிள்ளை என்று ஒத்துக்கொண்டோம். அதில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. அவரும் நானும் பேசிக்கொள்வது, "பஸ்ஸுல கூட்டமா?", "சாப்பிட்டீங்களா?" என்ற அளவோடு நின்றுபோயிருந்தது. நான் விதை, உரக் கடை வைத்திருக்கிறவன். எலி மருந்து வாங்க வருகிறவரைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்புவேன் என்று ஊரில் பெயர். அந்த நான் மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவருக்குத் தமிழ் ஓரளவு வரும், ஆனால் என் ஜோக்குகள் போய்ச் சேராது. பாதியை மகள் மொழிபெயர்க்க மாட்டாள். மீதியை மொழிபெயர்க்கக் கூடாது.

இந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாகவே வந்து, விருந்தாளியாகவே போய்க்கொண்டிருந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். சோபா நுனியில் உட்காருவார். இன்னொரு இட்லி வேண்டுமென்று கேட்க மாட்டார். நாங்களும் நல்ல தட்டை அவருக்கு மட்டும் எடுத்து வைப்போம்.

"அப்ப அவருக்கு இன்னாதான் புடிக்கும்?" என்று மகளைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் டப்பா தேடப் போவார் என்றாள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினாள். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை ஏதாவது பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ ஒளித்து வைப்பாராம். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவாராம். மற்றவர்கள் அந்த எண்களை வைத்துத் தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டுமாம். உலகம் முழுக்க இப்படி ஒரு கூட்டம் அலைகிறதாம். படித்த பிள்ளைகள், சம்பளம் வாங்குகிற பிள்ளைகள்.

மாப்பிள்ளை இதுவரை செல்போனை வைத்துத்தான் தேடிக்கொண்டிருந்தார். குடகுப் பக்கம் ஒரு தடவை மழையில் போன் செத்துப்போய், வந்த வழி தெரியாமல் சுற்றியிருக்கிறார். அதிலிருந்து கையடக்க ஜிபிஎஸ் கருவிகளைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், வாங்கத்தான் மனசு வரவில்லையாம்.

"எந்த மாடல்னு என்ன கேக்காதப்பா, நீயே பாத்து வாங்கு. தெரிஞ்சா மூஞ்சியில காட்டிடுவேன்" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து நானும் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் யூரியா மூட்டை மேல் சாய்ந்துகொண்டு பனிமலைகளைப் பார்த்தேன். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் தடிமனான கையுறையோடு பட்டனை அமுக்கிக் காட்டினார். கையுறையோடு அமுக்க முடியுமா என்பது கள்ளக்குறிச்சியில் ஒரு கேள்வியே இல்லை. ஆனால் அதில் வேறொரு விஷயம் இருந்தது. தொடுதிரை வைத்த கருவிகள் மழையில் குழம்பிப்போகும், ஒவ்வொரு மழைத்துளியையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் தீபாவளி என்றாலே மழைதான். ஆகவே பட்டன். இப்படித்தான் முதல் முடிவு எடுத்தேன். அன்று முழுக்க எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

அடுத்தது பேட்டரி. உள்ளேயே பொருத்தி வருகிற வகை நாள்கணக்கில் நிற்கும், தீர்ந்தால் சார்ஜ் போட இடம் வேண்டும். சாதாரண செல் போடுகிற வகை அவ்வளவு நிற்காது, ஆனால் மலைமேல் பெட்டிக்கடையிலும் செல் கிடைக்கும். ஒரு தூறல் போட்டால் கரண்ட் போகிற ஊர்க்காரன் நான். செல் பக்கமே சாய்ந்தேன்.

திசைமானி தனியாக உள்ளது, இல்லாதது என்று இரண்டு ரகம் இருந்தன. இல்லாத ரகத்தில் நாம் நடந்தால்தான் அம்புக்குறிக்குத் திசை தெரியும், நின்றுவிட்டால் அதற்கும் குழப்பம். நான் நடப்பதைவிட நிற்பது ஜாஸ்தி. மாப்பிள்ளை எப்படி என்று தெரியாது. இருந்தாலும் திசைமானி உள்ளதையே குறித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட ஒன்று என்னை மயக்கியது. செல்போன் டவரே இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற ரகம் அது. காட்டில் தொலைந்தாலும் மாமனாருக்குச் செய்தி வரும், மாமனார் ஓடிப் போய்க் காப்பாற்றுவார். மனசுக்குள் ஒரு சினிமாவே ஓடியது. வாங்கப் போகிற கடைசி நிமிடத்தில், அந்த ரகத்தை நம் நாட்டில் அனுமதி வாங்காமல் வைத்திருக்கக் கூடாது என்று எங்கோ படித்தேன். மனைவியிடம் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்குச் சீர் செய்யுங்கன்னா, ஜெயிலுக்கு அனுப்ப ஏற்பாடு பண்றீங்க" என்றாள்.

கடைசியில் வாங்கியது கைக்குள் அடங்குகிற ஒரு பட்டன் கருவி. தண்ணீர் புகாது, வெயிலிலும் எழுத்து தெரியும். என் மனைவி சேர்த்த ஒரே நிபந்தனை, கண்ணாடி போடாமல் அந்த எழுத்தைப் படிக்க முடியுமா என்று பார்ப்பது. வாங்குவதற்கு முன் வீடியோவில் பார்த்தபோது பெரிய எண்களை மட்டும் படிக்க முடிந்தது. முப்பது வயசுக்காரருக்கு அது போதும் என்று விட்டுவிட்டோம்.

பார்சல் வந்த அன்று மொட்டைமாடியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, நம் நாடு எல்லாம் ஆளுக்குச் சில செயற்கைக்கோள்களை மேலே விட்டிருக்கின்றன, அத்தனையும் சேர்ந்துதான் நான் நிற்கிற இடத்தைச் சொல்கின்றன என்று மனைவிக்கு விளக்கினேன்.

அவள் துணி காயப்போட்டுக்கொண்டே, "அத்தினி பேரு பாத்துக்கினு இருக்கறப்பதான் நேத்து மார்க்கெட்டுல வண்டிய எங்க வுட்டோம்னு தேடிக்கினு இருந்தீங்களா?" என்றாள்.

கருவியை மட்டும் கொடுத்தால் போதாது, கூடவே தேட ஒரு டப்பாவும் வேண்டும் என்று தோன்றியது. நானே ஒளித்து வைப்பது, அவர் தேடுவது, நான் கூடவே போவது. ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் தனியாக இருப்போம். பேசித்தானே ஆக வேண்டும்?

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிற ஒருவர் என் கடைக்கு வாடிக்கைக்காரர். அடுத்தவர் நிலத்தில் ஒளித்தால் அவரைக் கேட்டுவிட்டு ஒளிக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் விதி. அவரைக் கேட்டேன்.

"தாராளமா வைங்க மொதலாளி. ஆனா உள்ள இருக்கறது வெளிய தெரியறாப்ல டப்பாவா வைங்க. இந்த மலையில ஒருத்தன் எதுனா ஒளிச்சி வச்சா ஜனங்க சாராயம்னு நெனப்பாங்க" என்றார்.

அவர் சொன்னபடி கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கினேன். உள்ளே கையெழுத்துச் சீட்டு, பென்சில், ஒரு கம்மர்கட் பாக்கெட். அவர் நிலத்துப் பலாமரத்துக்குப் பின்னால் இருந்த பாறை இடுக்கில் வைத்து, மேலே ஒரு கல்லைச் சாத்தினேன். கருவி காட்டிய எண்களை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும், நான் மொட்டைமாடியில் நடந்த தடங்கள் எல்லாம் அதில் பதிந்திருந்ததைப் பார்த்தேன். புதுப்பொருள் புதுசாக இருக்க வேண்டும் என்று அனைத்தையும் அழித்தேன். சீட்டில் இருந்த எண்களை நல்ல கையெழுத்தில் வாழ்த்து அட்டையின் பின்னால் எழுதி வைத்தேன்.

தீபாவளியன்று எண்ணெய்க் குளியல், கறிக்குழம்பு, இட்லி எல்லாம் முடிந்து தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தோம். பிரித்துப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். போச்சு, பிடிக்கவில்லை என்று என் மனைவி என்னைப் பார்த்தாள். அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பட்டன்தானே மாமா, சூப்பர்" என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு மத்தாப்புக்குக்கூட வெளியே வரவில்லை. கூடவே வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கிளம்பினோம். மகள் வர மாட்டேன் என்றாள், அம்மாவோடு முறுக்கு சாப்பிட வேண்டுமாம். எங்களைத் தனியாக அனுப்புகிற உத்தி அது என்று தெரிந்தது. மாப்பிள்ளை காரை ஓட்டினார். அட்டையில் இருந்த எண்களைப் போட்டு வைத்த கருவி அவர் முன்னால் நின்றது. ஒளித்து வைத்தவன் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் நான் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்தேன்.

மலைக்குப் போக வேண்டுமென்றால் கச்சிராயபாளையம் ரோட்டைப் பிடித்து, கோமுகி அணைப் பக்கமாக ஏற வேண்டும். மாப்பிள்ளை அந்தத் திருப்பத்தைக் கடந்து நேராக சேலம் ரோட்டுக்கு வண்டியை விட்டார். எனக்குத் திக்கென்றது. ஆனால் மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டியில், அதுவும் தலை தீபாவளிக்கு வந்தவரிடம், தப்பான வழி என்று எப்படிச் சொல்வது? அணுக்கடிகாரம் வைத்த செயற்கைக்கோளே வழிசொல்லும்போது நடுவில் நான் யார்? டீ குடிக்கப் போகிறார் போல என்று நினைத்தேன்.

சின்னசேலம் வந்தது. டீக்கடைகள் வந்தன, போயின. கல்வராயன் மலை வலப்பக்கத்தில் எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. சரிதான், ஆத்தூர் போய் கருமந்துறை வழியாக ஏறப் போகிறார், அந்தப் பக்கமும் வழி இருக்கிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மாப்பிள்ளை இரண்டு முறை என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். நான் மர்மமாகச் சிரித்து வைத்தேன். "ரோடு நல்லா இருக்கு மாமா" என்றார். "ஆமாங்க, நல்லா போட்டுட்டாங்க" என்றேன்.

ஆத்தூரில் வலப்பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். இடப்பக்கம் திரும்பினார். மலை எங்களுக்கு முதுகுப் பக்கம் போய்விட்டது.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. ராசிபுரம் போகிற ரோட்டில் ஊர் ஊராகத் தாண்டி, மண் பாதையில் இறங்கி, ஒரு சோளக்காட்டு ஓரம் வண்டியை நிறுத்தினார். கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு தூறலில் நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். அம்புக்குறி ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் போகச் சொன்னது.

கொட்டகையில் ஓர் அம்மா சாணி அள்ளிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவரிடம் மிகுந்த பணிவோடு, "அம்மா, உள்ள பாக்கலாமா? ஒரு டப்பா இருக்கு" என்றார். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு, எருமைக்குப் பக்கத்தில் குனிந்து தீவனத் தொட்டிக்குக் கீழே கையை விட்டார். எருமை அவர் சட்டையை முகர்ந்தது. தீபாவளிக்கு நாங்கள் எடுத்துக்கொடுத்த புதுச்சட்டை.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மாப்ள, நான் வச்ச எடம் இது இல்லீங்க."

அவர் குனிந்தபடியே தலையைத் தூக்கினார். "சின்னசேலத்துலயே டவுட் வந்துச்சு மாமா. உங்க முகத்த பாத்தேன், நீங்க சிரிச்சீங்க. சரி, நம்மள டெஸ்ட் பண்றாரு, கேட்டா மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"நான் சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான்..."

"நூறு கிலோமீட்டரா?"

அவர் வாழ்த்து அட்டையை எடுத்துக் காட்டி, இந்த எண்ணைக் கருவியில் பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்டார். நினைவுபடுத்திச் சொன்னேன். பதினொன்று என்று போட்டு, மேலே ஒரு குட்டி வட்டம், அப்புறம் ஐம்பது, புள்ளி, இன்னும் சில எண்கள். வட்டம் ஒன்று, புள்ளி ஒன்று என்று குழப்பமாக இருந்ததால் நான் சுத்தமாக 11.50 என்று ஆரம்பித்து எழுதிவிட்டேன்.

"ஐம்பதுன்னா நிமிஷம் மாமா. ஒரு டிகிரிக்கு அறுபது நிமிஷம். நீங்க எதுக்கு பாயிண்ட் ஐம்பதுன்னு போட்டீங்க?"

எதற்கு என்றால், எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என் கடையில் கேட்கிற பேச்சு, ரெண்டு ஏக்கர் நாற்பது சென்ட்டுக்கு எத்தனை மூட்டை போடலாம் என்பதுதான். ரெண்டு ஏக்கர் நாற்பது சென்ட் என்றால் 2.40. பதினொன்று, பிறகு ஐம்பது என்று பார்த்ததும் என் கை தானாகவே பதினொரு ஏக்கர் ஐம்பது சென்ட்டை எழுதிவிட்டது. கல்வராயன் மலையையே பத்திரம் போடுகிற மாதிரி அளந்துவிட்டேன்.

இதைச் சொன்னபோது மாப்பிள்ளை தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை, மேல் வரிசையில் ஒரு பல் கோணலாக இருப்பது அன்றுதான் தெரிந்தது. சாணிக் கூடையோடு நின்ற அம்மாவுக்கும் விஷயத்தைச் சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"அவரு எழுதுனது சரிதானுங்க தம்பி. ஏக்கருக்கு நூறு சென்ட்டு தானுங்க. அறுவது சென்ட்டையா ஏக்கருன்னு குடுப்பாங்க?" என்று மாப்பிள்ளையிடம் எனக்காக வாதாடினார்.

மாப்பிள்ளை மறுபடி சிரிக்க ஆரம்பித்து எருமைமேல் சாய்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். இந்தக் கதை வீட்டுக்குப் போனால் என் மனைவி பொங்கல் வரைக்கும் வைத்து ஓட்டுவாள். மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். அவர்களுக்குள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். ரொம்பக் கஷ்டமான இடமாக வைத்திருக்கிறார், இன்னும் கிடைக்கவில்லை, நாளைக்கும் தேட வேண்டும் என்கிற அளவுக்கு எனக்குப் புரிந்தது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மழை வலுத்துவிட்டதால் அன்று மலைக்குப் போகவில்லை. திரும்புகிற வழியில் அவர் குடகில் தொலைந்த கதையைச் சொன்னார். அப்போது வழி கேட்கக் கூச்சப்பட்டுத்தான் தொலைந்தாராம். எதிரில் இரண்டு பேர் வந்தும் கேட்கவில்லையாம். போன் செத்ததெல்லாம் பிறகுதானாம், மகளிடம் மட்டும் அதை மாற்றிச் சொல்லியிருக்கிறார். நான் அதைவிட மோசமான இரண்டு கதைகள் சொன்னேன். ஆத்தூரில் பரோட்டா சாப்பிட்டோம். இன்னொன்று வேண்டுமென்று அவரே கேட்டு வாங்கினார்.

அடுத்த நாள் விடிந்ததும் ஏறினோம். எண்ணை அவரே திருத்திப் போட்டிருந்தார். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் திரும்பியதும், "இது சரியா மாமா?" என்றார். "சரிங்க" என்றேன். அடுத்த வளைவிலும் கேட்டார். நான் சிரித்து வைத்தேன். "மாமா, சிரிக்காதீங்க. வாயால சொல்லுங்க" என்றார்.

வாடிக்கைக்காரர் நிலத்துக்கு வந்து சேர்ந்தபோது மேகம் இறங்கி, தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. அடர்ந்த மரங்களுக்குக் கீழே எந்தக் கருவியும் கொஞ்சம் தடுமாறும். பத்து மீட்டர் இந்தப் பக்கம் என்றது, உடனே அந்தப் பக்கம் என்றது. மாப்பிள்ளை பலாமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டேன்.

"ஒரு க்ளூ குடுங்க மாமா."

"விளையாட்டுல அதெல்லாம் இல்லீங்க மாப்ள."

"எருமைகிட்ட அனுப்புனது மட்டும் விளையாட்டுல இருக்கா? ஒழுங்கா சொல்லுங்க மாமா, சளி புடிக்குது. இந்த மாதிரி எடத்துல மனுஷன் டப்பா வைப்பானா? உங்களுக்கு ஒளிச்சு வைக்கவே தெரியல."

"தெரியாதவன் வச்சதையே கண்டுபுடிக்க முடியல, பேச்சப் பாரு" என்றேன். வாயில் 'ங்க' வரவில்லை. வரவில்லை என்பதை நான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே முட்டி போட்டு, ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கன்னடத்திலும் ஏதோ சொன்னார். அது என்னைப் பற்றித்தான், தொனியிலேயே தெரிந்தது.

வாடிக்கைக்காரர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வரப்பு வழியாக வந்து என் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாறை இடுக்கைக் காட்டக் கையைத் தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"யாருங்க மொதலாளி அது? மாப்பிள்ளைங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு மனசு பொறுக்கவில்லை. "தல தீவாளிக்கி வந்தவர மழையில நனைய வுட்டுட்டு நீங்க கொட புடிச்சிக்கினு குந்தினுகீறீங்களே. குடுங்க, நான் போயி புடிக்கிறேன்" என்று என் குடைக்குக் கை நீட்டினார்.

நான் குடையைக் கொடுக்கவில்லை.

"நனையட்டும், நம்ம வூட்டுப் புள்ளதான்" என்றேன்.